பார்க்காமல் வாங்கும் பண்டம்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின், ஒரு தம்பி மட்டும் தூணோரம் தயங்கி உட்கார்ந்திருந்தார். நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிப்பவர். 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் நம்மவர்களும் சிலர் உண்டு. இவர் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர், ஷாபிஈ மத்ஹபுடையவர்.

"ஹஜ்ரத்! எனக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் போனிலேயே வாங்கிவிடுகிறேன். டவுனுக்கு வந்து கடை கடையாக ஏற நேரமில்லை. பணமும் கொஞ்சம் மிச்சமாகிறது. ஆனால் கண்ணால் பார்க்காத பொருளை விற்பதும் வாங்குவதும் எங்கள் மத்ஹபில் கூடாது என்று சின்ன வயதில் ஓதிய ஞாபகம் இருக்கிறது. இத்தனை நாளும் நான் வாங்கியதெல்லாம் என்ன கதி?" என்று கேட்டார். கையில் ஒரு கணக்கு நோட்டும் வைத்திருந்தார். பாடப் புத்தகம், ஆய்வுக்கூடத்திற்கான வெள்ளைக் கோட்டு, சோப்பு, செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கடையில் என்ன விலை, போனில் என்ன விலை, பஸ் கட்டணம் எவ்வளவு மிச்சம் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு புத்தகத்திற்காகச் சேலம் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் வந்தால் ஒரு நாள் போய்விடும் என்பதும் உண்மைதான்.

நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். தட்டில் விழும் கறி ஹலாலா என்று விசாரிக்காத முஸ்லிம் நம்மில் இல்லை. அந்தக் கறியை வாங்கிய பணமும், வாங்கிய முறையும் ஹலாலா என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? தீனின் சட்டம் விளங்காதவர் நம் கடைவீதியில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்ற கருத்தில் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டிருந்ததாக ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். மதீனத்துக் கடைவீதிக்கு ஒரு எல்லை இருந்தது. பொழுது சாய்ந்தால் அது அடங்கிவிடும். இன்றைய கடைவீதியோ நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது, நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சட்டத்தை யார் முதலில் விளங்க வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள்.

இது அடியோடு புதிய விஷயமும் அல்ல. 1877-ஆம் ஆண்டிலேயே இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. கடிதம் எழுதிப் போட்டால் பட்டணத்துக் கடையிலிருந்து கிதாபு வரும். தபால்காரர் வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுப்பார். நம் பாட்டனார்கள் அப்படி வாங்கிய கிதாபுகள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. 2007-இல் பெங்களூரில் தொடங்கிய பிளிப்கார்ட்டும் முதலில் புத்தகம்தான் விற்றது. 2010-இல், பொருள் வந்த பின் வாசலில் பணம் வாங்கும் வழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தபோது ஊரே அதிசயித்தது. வி.பி.பி.யைக் கண்ட கிழவர்கள் மட்டும் அதிசயிக்கவில்லை!

இனி சட்டத்திற்கு வருவோம். நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் பெரும்பாலோர் ஹனபிகள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில், இன்ன பொருள் என்று அறியும்படி அடையாளம் சொல்லப்பட்ட பொருளைப் பார்க்காமலே வாங்கலாம், வியாபாரம் செல்லும். ஆனால் கண்டவுடன் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருர் ருஃயத்' என்று இதற்குப் பெயர். ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில், கண்ணுக்கு மறைவான குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்காமல் வாங்குவது செல்லாது. தம்பிக்கு இருந்த ஞாபகம் சரியே. ஆயினும் அந்த மத்ஹபிலும் 'ஸலம்' என்றொரு வாசல் திறந்திருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அவ்வூரார் ஓராண்டு, ஈராண்டு கழித்து வரும் பேரீத்தம் பழத்திற்கு முன்பணம் கொடுத்து வைப்பதைக் கண்டார்கள். அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். பொருளின் இனம், தரம், அளவு எல்லாம் தெளிவாக வர்ணிக்கப்பட்டு, முழு விலையும் முன்னதாகவே ஒப்படைக்கப்பட்டால் ஸலம் கூடும்.

ஆகவே, ஷாபிஈ மத்ஹபைப் பேணும் ஒருவர் விவரங்களைப் படித்துப் பார்த்து முன்பணமாகவே முழு விலையையும் செலுத்தி வாங்குவது அவருக்குப் பேணுதலான வழி. வாசலில் பணம் கொடுக்கும் முறையில், முன்பு போனில் சொன்னதை ஒரு வாக்குறுதியாக வைத்து, கட்டைப் பிரித்துப் பார்த்துப் பணம் கொடுக்கும்போதே வியாபாரம் நடக்கிறது என்று விளக்கம் சொல்லும் உலமாக்களும் உண்டு. "உங்கள் ஊர் ஆலிமிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஹனபி மதரஸாவில் ஓதியவன், அடுத்த வீட்டுச் சமையலைப் பற்றி அளவோடு பேசுவதுதான் எனக்கு மரியாதை" என்றேன். தம்பி சிரித்தார்.

இவ்விடத்தில் வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாரோ ஒரு கம்பெனியின் சேலைப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, நூறு ரூபாய் கூட்டி, தன் பொருள்போலவே விற்பது இன்று பல வீடுகளில் நடக்கிறது. படிக்கும் பிள்ளைகளும் கைச்செலவுக்காக இதைச் செய்கிறார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இதற்குச் சுலபமான மாற்று உண்டு. "நான் தரகுக்காரி, கம்பெனி எனக்கு இவ்வளவு கமிஷன் தருகிறது" என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அது கூலி வேலை, ஹலாலான சம்பாத்தியம். அல்லது பொருளை முதலில் தன் கைக்கு வரவழைத்துக்கொண்டு, பிறகு எந்த விலைக்கும் விற்கலாம்.

சரி, மீண்டும் தம்பியிடம் வருகிறேன். மனப்பாரம் குறைந்தவராக எழுந்தார். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். உண்மையான கேள்வி அப்போதுதான் வந்தது.

சென்ற நோன்புப் பெருநாளைக்கு 950 ரூபாயில் ஒரு ஜிப்பா வாங்கினாராம். பெருநாள் தொழுகைக்கு அணிந்தார். உறவினர் வீடுகளுக்கும் அதையே அணிந்து போய் வந்தார். மறுநாள் மடித்து, பழைய உறையிலேயே போட்டு, 'அளவு சரியில்லை' என்ற கட்டத்தைத் தொட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று நாளில் 950 ரூபாயும் வங்கிக்கு வந்துவிட்டது. "விடுதியில் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் ஹஜ்ரத். ஏழு நாளைக்குள் திருப்பலாம் என்று அவர்களே போட்டிருக்கிறார்களே! அதனால் இதையும் மிச்சக் கணக்கில் எழுதிவிட்டேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆம், அந்த 950 அங்கே இருந்தது.

சகோதரர்களே! திருப்பிக் கொடுக்கும் உரிமை இஸ்லாம் தந்த உரிமை. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற ஸஹாபி தலையில் பட்ட காயத்தால் வியாபாரத்தில் ஏமாந்து போகிறவராக இருந்தார். அவருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு வழி காட்டினார்கள். வாங்கும்போதே, இதில் ஏமாற்று இருக்கலாகாது என்று சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளவோ திருப்பவோ அவருக்கு உரிமை உண்டு. பிக்ஹு கிதாபுகளில் 'கியாருஷ் ஷர்த்' என்ற பாடம் இதிலிருந்து எழுந்ததுதான். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் மூன்று நாளோடு நிறுத்தினார்கள். இமாம் அபூயூஸுப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், தவணை தெரிந்ததாக இருந்தால் அதற்கு மேலும் கூடும் என்றார்கள். இன்று கம்பெனிகள் சொல்லும் ஏழு நாள், பத்து நாளை அந்தச் சொல்லின்மீது வைத்துப் பார்க்கலாம். ஆனால் இந்த உரிமை யாருக்காக வந்தது? ஏமாற்றப்படுகிறவருக்காக வந்தது. அதையே ஏமாற்றும் கருவியாக்கினால் எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம்!

சட்டப்படியும் அந்த உரிமை அவருக்கு மீதமில்லை. அளவு பார்ப்பதற்காக ஒரு முறை போட்டுக் கழற்றுவது சோதனை. அணிந்துகொண்டு பெருநாள் கொண்டாடுவது சொந்தக்காரனின் உபயோகம். சொந்தக்காரனைப் போல் உபயோகித்துவிட்டால் திருப்பும் உரிமை விழுந்துவிடுகிறது என்று எங்கள் உஸ்தாத் ஹிதாயா பாடத்தில் பல தடவை சொல்லி மனத்தில் பதியவைத்தார்கள். அதற்கு மேல் 'அளவு சரியில்லை' என்ற பொய். அதற்கு மேல், அந்த ஜிப்பாவை அடுத்து புதிது என்று நம்பி வாங்குகிறவரின் ஹக்கு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தைக் கண்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது விற்பவரை. அந்தக் கண்டிப்பு வாங்குபவருக்குப் பொருந்தாது என்று யார் சொன்னது?

மெய்யாகவே குறை இருந்தால் தயங்காமல் திருப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே வடநாட்டுக் கடை ஒன்றிலிருந்து ஒரு கிதாபு வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால் நடுவில் பதினாறு பக்கம் வெள்ளைத் தாள்! அதுவும் நிகாஹ் பாடத்தில், நான் தேடிய மஸ்அலா இருக்க வேண்டிய இடத்தில். படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், மூன்றாவது வாரத்தில் வேறு பிரதி வந்தது. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட இணைய வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்திற்குள் ஏற்றதாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் பெயர், விலாசம், திருப்பும் நிபந்தனை எல்லாவற்றையும் வாங்குபவர் காணும்படி வைக்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று வாரம் பொறுத்திருக்க மாட்டேன்.

பொய் என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பார்சலுக்குள் ஒரு சிறு அட்டை வரும். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, படத்தை எங்களுக்கு அனுப்பினால் நூறு ரூபாய் தருகிறோம் என்று அதில் இருக்கும். மாணவருக்கு நூறு ரூபாய் ஒரு நாள் சாப்பாடு. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்குவதை 'நஜ்ஷ்' என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கூலி வாங்கிக்கொண்டு புகழ்வது அதன் உடன்பிறப்பு. அந்த நட்சத்திரம் ஒரு சாட்சி. அதை நம்பி முகமறியாத ஒரு விதவையம்மா தம் கைப்பணத்தைக் கொடுக்கிறார். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லி வந்தபோது, சாய்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தது பொய்ச் சாட்சியைப் பற்றித்தான். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இப்படிப்பட்ட விமர்சனங்களுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. நமக்கோ நம் தீன் கட்டாயம்.

அடுத்தது வட்டி. நான் கூடுதலாகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மடிக்கணினி இல்லாமல் இன்று ஆய்வுப் படிப்பு இல்லை. விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 'வட்டியில்லாத் தவணை, மாதம் 5,000 வீதம் ஆறு மாதம்' என்று போனில் மின்னுகிறது. வட்டியே இல்லையே என்று பிள்ளை தொட்டுவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது? விற்பவர் விலையில் சுமார் 1,270 ரூபாய் தள்ளுபடி செய்கிறார். வங்கி மீதி 28,730 ரூபாயை மாணவருக்குக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி போட்டு, ஆறு தவணையில் 30,000 ஆக வசூலிக்கிறது. அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று இன்னும் 229 ரூபாய் தனியே சேரும். வங்கியின் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி என்று எழுதியே இருக்கும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று கிடையாது என்ற கருத்தில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர் 17-ஆம் தேதி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டி என்ற சொல்லை மறைத்தாலும் வட்டிக் கடன் ஒப்பந்தம் வட்டிக் கடன் ஒப்பந்தமே.

கடைக்காரரே தம் சொந்தப் பொருளை, "ரொக்கத்திற்கு 30,000, ஆறு மாதத் தவணைக்கு 31,000" என்று சொல்லி, இரண்டில் ஒன்றை அப்போதே முடிவு செய்து விற்றால் அது வேறு. அது தவணை வியாபாரம். பெரும்பாலான இமாம்கள் கூடும் என்றே சொல்கிறார்கள். தவணை தவறினால் தொகையைக் கூட்டக் கூடாது, அவ்வளவுதான். பெற்றோர்களே! பிள்ளை மடிக்கணினி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நாம் கொடுக்காத பணத்தைக் கொடுக்க வங்கி காத்திருக்கிறது. ஜமாஅத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு மாணவருக்குக் கர்ளன் ஹஸனாவாக 30,000 ரூபாய் கொடுக்க முடியாத ஊரா நம் ஊர்? ஒரு வலீமாவில் மிஞ்சிக் கொட்டும் பிரியாணியின் விலை அது. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக மத்திய அரசு 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதன் பிறகு நம் பிள்ளைகள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் செலவழிக்கிறார்கள். எண்ணும்போது கை தடுமாறும் இடத்தில் நாம் நிற்க வேண்டாமா?

சிக்கனம் என்ற பெயரில் வரும் வீண் விரயத்தையும் தம்பியின் நோட்டிலேயே கண்டேன். 320 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வேண்டும். 499 ரூபாய்க்கு வாங்கினால் அனுப்பும் கூலி 40 ரூபாய் இல்லை. அந்த 40-ஐ மிச்சம் பிடிக்க 180 ரூபாய்க்கு ஒரு தண்ணீர்ப் போத்தல்! அறையில் ஏற்கெனவே இரண்டு போத்தல்கள் இருந்தனவாம். கறி வாங்கிச் சென்ற ஜாபிர் (ரலி) அவர்களைப் பார்த்து, ஆசை வந்தபோதெல்லாம் வாங்கிவிடுவதா, பக்கத்து வீட்டாரின் நினைவு வேண்டாமா என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு திர்ஹமுக்கு வாங்கிய கறிக்கே அந்தக் கேள்வி. நான் தம்பிக்கு ஒரு யோசனை சொன்னேன். பிடித்த பொருளைக் கூடையில் போட்டு மூன்று இரவு விட்டுவிடுங்கள். கியாருஷ் ஷர்த்தின் மூன்று நாளை வாங்குவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். 'இன்னும் பத்து நிமிடம்தான், இரண்டே பாக்கி' என்று போன் பயமுறுத்தும். பொய்யான அவசரம் காட்டுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்த பதின்மூன்று தந்திரங்களில் சேர்த்திருக்கிறது; ஆயினும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நாம்தான்.

அறைத் தோழர்கள் நால்வர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கினால் அனுப்பும் கூலி உண்மையாகவே மிச்சம். யார் பங்கு எவ்வளவு என்று அன்றே எழுதிக்கொள்ள வேண்டும்; கடனை எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகராவில் அல்லாஹு தஆலா எவ்வளவு விரிவாகக் கட்டளையிட்டிருக்கிறான்! வாங்கத் தேவையே இல்லாதவையும் உண்டு. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற ஏற்பாட்டில் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்கள் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் தாம் பணம் கட்டாமலே படிக்கலாம். பிற பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை அந்தத் தம்பிதான் எனக்குச் சொன்னார், கேட்டு எழுதுகிறேன்.

நேரத்தைப் பற்றிக் கேட்டேன். "வாரத்திற்கு மூன்று மணி நேரம் மிச்சம் ஹஜ்ரத்" என்றார். அந்த மூன்று மணி எங்கே போகிறது என்றேன். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று போனே கணக்கு வைத்திருக்கிறதாம், திறந்து பார்த்தார். கடைச் செயலியில் மட்டும் அந்த வாரம் ஆறு மணி நேரம் இருபது நிமிடம்! அவர் முகம் சுண்டிவிட்டது. தோளில் இருவர் இருந்து எழுதுவதை மறந்துவிட்ட நாம், போன் எழுதும் கணக்கைக் கண்டு திடுக்கிடுகிறோம். ஆரோக்கியமும் ஓய்வும் ஆகிய இரண்டு நிஃமத்துகளில் மக்களில் பலர் நஷ்டமடைந்து விடுகிறார்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தள்ளுபடி திறக்கிறது என்று விழித்திருந்து, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து, பஜ்ரை இழந்தவரின் நோட்டில் அன்றைக்கு என்ன எழுதுவது?

பள்ளிவாசலில் உட்கார்ந்துகொண்டு போனில் பொருள் வாங்குவதும் கொள்முதல்தான். பள்ளிக்குள் விற்பவரையோ வாங்குபவரையோ கண்டால், உன் வியாபாரத்தில் லாபமில்லாமல் போகட்டும் என்று சொல்லும்படி ஹதீஸில் வந்திருக்கிறது. இஃதிகாபில் இருப்பவருக்கு மட்டும், அவசியத் தேவைக்கு, சரக்கை உள்ளே கொண்டுவராமல் பேசி முடிக்கலாம் என்று நம் மத்ஹபில் சலுகை உண்டு. ஜும்ஆவின் பாங்கு சொல்லிவிட்டால் வியாபாரத்தை விட்டுவிடும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது. விரலால் தொடும் வியாபாரத்திற்கு அதில் விலக்கு இல்லை. தங்கம், வெள்ளி வாங்குவது வேறொரு பெரிய பாடம். அதை இதோடு கலக்க வேண்டாம், தனியே கேளுங்கள்.

செருப்புக் கடைக்குப் போய் ஐந்து ஜோடி எடுத்துப் போடச் சொல்லி, அளவைத் தெரிந்துகொண்டு, வெளியே வந்து போனில் வாங்குகிறார்களே, இதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒருவரின் உழைப்பை வாங்குவது எனக்குக் கூசுகிறது. நம் பேட்டைக் கடைக்காரர் மழைநாளில் கடன் கொடுத்தவர். பார்சல் கொண்டுவரும் பிள்ளையும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. பட்டதாரிகளும் அந்த வேலை செய்கிறார்கள். சித்திரை வெயிலில் வாசலில் நிறுத்தி வைத்துச் சில்லறை தேடாதீர்கள். ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள்.

ஜிப்பா விஷயத்திற்கு வருகிறேன். அடியானின் ஹக்கு தவ்பாவால் மட்டும் தீராது; உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும் என்றேன். பில்லில் விற்றவர் விலாசம் இருந்தது. திருப்பூரில் ஒரு சிறு தையல் கூடம். தம்பி நடந்ததை ஒளிக்காமல் ஒரு கடிதம் எழுதி, பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டுத் தபாலில் போட்டார். பத்து நாள் கழித்து மஃரிபுக்குப் பின் ஓடி வந்தார்.

"அவர் போன் பண்ணினார் ஹஜ்ரத். திரும்பி வந்த ஜிப்பாவில் அத்தர் வாசம் போகவே இல்லையாம். விற்க முடியாமல் காஜா எடுக்கும் பையனுக்குக் கொடுத்துவிட்டாராம். துணிக்கும் கூலிக்குமாக 400 ரூபாய் போதும், மீதி வேண்டாம், இப்படி ஒரு கடிதம் தமக்கு வந்ததே இல்லை என்றார். 400 அனுப்பிவிட்டேன். மீதி 550-ஐ நான் என்ன செய்ய?"

அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தது. அது உங்களுக்கு ஹலால் என்றேன்.

"அப்படியானால் சரி. அதோடு 400 போட்டு வருகிற பெருநாளைக்கு அவரிடமே ஒரு ஜிப்பா சொல்லிவிடுகிறேன். முழுப் பணமும் முன்னாலேயே. ஸலம்!"

அளவும் தவணையும் சொல்ல வேண்டுமே என்றேன்.

"நெஞ்சளவு நாற்பது, வெள்ளைப் பருத்தி, ரமலான் பிறை இருபதுக்குள்" என்றார்.